அரசாங்கத்துக் குதிரை

அத்தியாயம் 4

"குதிரை உங்களுதுதாம்மா. நாங்க மறுக்கவே இல்லையே. ஆனா அதைத் திருப்பிக் கேக்குற உரிமை உங்களுக்கு இல்ல. அவ்வளவுதான் விஷயம்."

எதிர்த்தரப்பு வக்கீல் அர்காதி லுவோவிச், உப்பைக் குறைக்கச் சொல்லும் டாக்டரைப் போல இதமாகச் சொன்னார். கஜகஸ்தானின் அல்மாட்டி நகர நீதிமன்றத்துத் தாழ்வாரத்தில் அவரைச் சுற்றி மூன்று பேர் நின்றிருந்தார்கள். குதிரைக்குச் சொந்தக்காரி ஊல்போசின். அவளுக்காகத் துப்புத் துலக்க வந்த ரைஹான். ரைஹானின் உதவியாளன் ரோமன் லிகாய்.

லிகாய் சட்டைப்பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்துக் கடித்தான். "சார், எனக்கு ஒரு சந்தேகம். என் செருப்பை நீங்க எடுத்துட்டுப் போறீங்க. 'செருப்பு உன்னுதுதாண்டா, ஆனா கேக்கக்கூடாது'ங்கிறீங்க. இதுக்கு எங்க தெருவுல வேற பேரு."

"உங்க தெருவுல அரசாங்கம் குடியிருக்கா?"

"இல்லைங்க. கொஞ்சம் கௌரவமான தெரு."

அர்காதி லுவோவிச் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்கும் மணிக்கணக்கில் கட்டணம் உண்டு என்று லிகாய் நினைத்துக்கொண்டான். வக்கீல் ஊல்போசினைப் பார்த்து, "இது லொம்பேரா குடியரசோட சொத்து. ஒரு அரசாங்கத்தை இன்னொரு நாட்டுக் கோர்ட்டு விசாரிக்க முடியாது. சமமானவங்க ஒருத்தர்மேல ஒருத்தர் தீர்ப்பு சொல்லக்கூடாது. உலகமே ஒத்துக்கிட்ட விஷயம்" என்றார்.

"உலகத்துக்கு என்ன? மந்தை என்னுது" என்றாள் ஊல்போசின். காற்றில் காய்ந்த முகம், ஆண்பிள்ளைக் குரல். "பெட்டைங்க குட்டி போடுற நேரம். குரெங் இல்லாம மந்தை நாலு திசைக்கும் சிதறுது. பாதி பக்கத்து மந்தையில போய்ச் சேந்துடுச்சு. போன வாரம் ஓநாய் ரெண்டு குட்டியத் தூக்கிடுச்சு. இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா எனக்கு மந்தையே கிடையாது. பட்டிதான் மிஞ்சும்."

குரெங் அவளுடைய பொலிகுதிரை. செந்நிறம், அகன்ற மார்பு. அவள் ஊரில் இல்லாத நாளில் மேய்ச்சல் நிலத்திலிருந்து அதை ஓட்டிப் போனவர் அவளுடைய கணவனின் அண்ணன் செம்பெக். கணவன் மேற்கே எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்க்கிறான். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டான். போனில்கூட எழுந்து நின்றுதான் பேசுவான். செம்பெக், 'லொம்பேரா நட்புறவுச் சங்கம்' ஒன்றின் தலைவர். அந்தச் சங்கத்தில் அவரும் அவர் மனைவியும் ஒரு ரப்பர் முத்திரையும் இருந்தார்கள்.

"ஒரு அரசாங்கம் சந்தைக்குப் போய்ப் பேரம் பேசினா?" ரைஹான் முதல் தடவையாக வாய் திறந்தாள்.

அர்காதி லுவோவிச் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஐம்பது வயது, கனத்த சப்பாத்து, மடித்து மடித்து நைந்துபோன தோல் பை. "பேரம் பேசினா அது வியாபாரி. வியாபாரத்துக்குப் பாதுகாப்பு கிடையாது. நம்ம சட்டத்துலயே இருக்கு, நான் மறைக்கல. ஆனா இங்க சந்தையும் இல்ல, பேரமும் இல்ல. இது அன்பளிப்பு. நட்புக்காக ஒரு சங்கம் ஒரு நாட்டுக்குக் குடுத்த அன்பளிப்பு. அதை வாங்கிக்கறது அரசாங்கம் செய்யற அரசாங்க வேலை."

அவர் ஒரு புகைப்படத்தை நீட்டினார். லொம்பேராவின் துணைத்தூதர் தெல்மார் குரெங் மீது உட்கார்ந்திருந்தார். தங்கச் சரிகை போட்ட அங்கி, வெள்ளிப்பூண் போட்ட சேணம், பளபளக்கும் கடிவாளம். குதிரையின் முகத்தில் மட்டும் கொண்டாட்டம் இல்லை. பக்கத்தில் செம்பெக், தானே ஒரு நாடு என்பதுபோல நின்றிருந்தார்.

"நாளைக்குக் காலைல நீதிபதி முடிவு சொல்லிடுவாங்க. சாயந்திரம் குதிரை விமானம் ஏறுது. அப்புறம் லொம்பேராவுக்கு வந்து கேஸ் போடலாம். கடற்கரை நல்லா இருக்கும்."

அவர் போன பிறகு லிகாய் விதைத் தோலைத் துப்பினான். "இந்த ஆளு செத்தா, எமனே 'எனக்கு அதிகாரம் இல்ல'ன்னு திரும்பிப் போயிடுவான்."

ரைஹான் தோல் பையைத் தோளில் மாட்டினாள். இருபது வருடம் நீதிமன்றத்து அமீனாவாக இருந்தவள் அவள். ஒருமுறை ஒரு தூதரகத்துக் கதவில் ஜப்தி உத்தரவை ஒட்டப் போனபோது, எதிர்ச்சாரியில் இருந்த மரத்தில் ஒட்டிவிட்டுப் போகச் சொன்னான் காவலாளி. அவளும் மரத்தில்தான் ஒட்டினாள். அந்த மாதமே வேலையை விட்டாள். சட்டக் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு இரவில் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்த லிகாயைத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். அவனை அல்ல, அவனுடைய காரைத்தான் சேர்த்துக்கொண்டதாக அவள் சொல்வாள்.

"குதிரையைப் பாக்கணும்" என்றாள்.

*

பந்தய மைதானத்தின் லாயத்தில், குரெங் நின்ற அடைப்புக்கு வெளியே லொம்பேராவின் கொடி குத்தியிருந்தது. கீழே பித்தளைத் தகடு: 'லொம்பேரா குடியரசின் சொத்து. தொடக்கூடாது.' குதிரை அப்போதுதான் சாணி போட்டு முடித்திருந்தது.

"அக்கா, இதை அள்ளணும்னா விசா வேணுமா?" என்றான் லிகாய்.

"அள்ளுறது நான். எனக்கு எதுவும் தரல" என்று பக்கத்திலிருந்து ஒரு குரல். லாயக்காரர் தூர்சுன், உய்கூர்க்காரர், மூக்கு வரைக்கும் கோபம் ஏறியிருந்தது. "அந்தத் தூதர் வாரத்துக்கு ஒருநாள் வர்றாரு. ஆப்பிள் குடுக்கறாரு. போட்டோ எடுத்துக்கறாரு. போயிடறாரு. சாணியும் அவங்க நாட்டுச் சொத்துதானே, மூட்டை கட்டி அனுப்பவா?"

"அனுப்புங்க. ஏற்றுமதிப் பொருள் எதுவும் இல்லாத நாடு, அவங்களுக்கும் சந்தோஷம்."

ரைஹான் குதிரையின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புது நைலான் பட்டை போட்டிருந்தது. கடையில் வாங்கியது, விலைச்சீட்டின் நூல்கூட அறுக்கப்படவில்லை.

"இந்தப் பட்டை யாருது?"

"நான் வாங்கிப் போட்டது. அதுக்கும் எதுவும் தரல."

"வந்தப்ப என்ன போட்டிருந்துச்சு?"

தூர்சுன் கையை உதறினார். "எதுவுமில்ல! லாரியில வந்துச்சு. கார் பழுதானா இழுப்போமே, அந்தக் கயித்தைக் கழுத்துல கட்டி இறக்கினாங்க. இவ்வளவு நல்ல குதிரையை இப்படியாடா கொண்டாருவீங்கன்னு டிரைவரைத் திட்டினேன். அவன் என்ன பண்ணுவான்? குடுத்தவரு அப்படித்தான் குடுத்தாராம்."

"படத்துல சேணம், கடிவாளம் எல்லாம் இருக்கே?"

"அது எங்களுது. கல்யாணப் போட்டோவுக்கு வாடகைக்கு விடறது. போன சனிக்கிழமை ஒரு பல் டாக்டர் அதுமேல உக்காந்து, இறங்கத் தெரியாம அழுதாரு."

ரைஹான் சிரித்தாள். அவள் சிரித்து லிகாய் பார்த்தது அந்த வருடத்தில் இதுதான் முதல் தடவை. பார்க்க நன்றாக இல்லை. குளிர்காலத்தில் வண்டி கிளம்புவது மாதிரி இருந்தது.

"வண்டியை எடு."

"எங்க?"

"செம்பெக் வீட்டுக்கு."

காரில் போகும்போதே ஊல்போசினுக்குப் போன் போட்டாள். "குரெங் காணாமப் போன அன்னிக்கு அது தலையில என்ன இருந்துச்சு?"

ஒலிபெருக்கியில் ஊல்போசினின் குரல் வந்தது. "தலைக்கயிறு இருந்துச்சு. கறுப்பும் வெள்ளையுமா, குதிரை முடியில நானே பின்னினது. கன்னத்துப் பக்கம் ஒரு நீலப் பாசி கட்டியிருந்தேன், கண்ணு படக்கூடாதுன்னு. பட்டுடுச்சு."

"செம்பெக் இன்னிக்கு வீட்டுல இருப்பாரா?"

"பேரு சொல்லாதீங்க, எனக்குக் கூசுது. பெரிய வீட்டுக்காரர் இன்னிக்கு வீட்டுலதான். சம்பந்தி வீட்டு விருந்து. மூத்த மகனுக்குப் பொண்ணு குடுக்கறவங்க வர்றாங்க. வீடியோக்காரனெல்லாம் வச்சிருக்காரு. எனக்கு அழைப்பு இல்ல. பவுர்சாக் பலகாரம் பொரிக்க மட்டும் ஆள் அனுப்பினாங்க, நான் போகல."

போனை வைத்ததும் லிகாய் பொறுமை இழந்தான். "அக்கா, ஒரு கயித்துக்காகவா இவ்வளவு தூரம்? எனக்கும் கொஞ்சம் சொல்லேன். நான் கொரியாக்காரன், எங்க வீட்டுல அதிகபட்சம் ஒரு பூனை."

"உங்க அத்தை சந்தையில கேரட் ஊறுகாய் விக்கறாங்கல்ல? ஜாடியோட குடுப்பாங்களா?"

"ஜாடியைக் குடுத்தா அத்தையே செத்துடுவா."

"உனக்கு வீட்டுக்குக் குடுத்தனுப்பும்போது?"

"அப்ப ஜாடியோடதான். மூடி போட்டு, மேல துணி கட்டி..." லிகாய் நிறுத்தினான். முன்னால் போன மணல் லாரியை முந்துவதை மறந்தான். "அட!"

"ரோட்டைப் பாரு."

*

ஷெலெக் ஊரைத் தாண்டி, பாப்லர் மரவரிசை முடிகிற இடத்தில் செம்பெக்கின் வீடு. முற்றத்தில் நகரத்து எண் பலகை போட்ட கார்கள் நின்றன. ஆட்டுக்கறி வேகும் வாசம் வேலி தாண்டி வந்தது. வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளுக்கு மேலே ஆணியில் எதுவோ தொங்கியது. நிமிராமல் நுழைந்த லிகாயின் நெற்றியில் பட்டது. அவன் கையால் தள்ளிவிட்டுப் பார்த்தான். கறுப்பும் வெள்ளையுமாகப் பின்னியது. நீலப் பாசி.

ரைஹான் பின்னாலிருந்து, "தொடாத. உள்ள வா" என்றாள்.

வந்தவர்களை வாசலோடு அனுப்ப முடியாத நாள் அது. அதிலும் வீடியோக்காரனின் விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. நீண்ட மேசையின் முதல் இருக்கையில் இருந்த செம்பெக் கைகளை விரித்தார். அகன்ற முகம், அதைவிட அகன்ற தொப்பி.

"வாங்க, வாங்க! என் வீட்டுக் கதவு எப்பவும் திறந்தே இருக்கும். யாரா இருந்தா என்ன! உக்காருங்க அக்கா. எந்த ஊரு?" கேள்வி ரைஹானுக்கு, முகம் கேமராவுக்கு.

"நகரம். பந்தய மைதானத்துலேர்ந்து வரேன்" என்றாள் ரைஹான். அது பொய்யில்லை. "நீங்க வெளிநாட்டுக்காரருக்கு ஒரு குதிரை குடுத்தீங்களாமே, அது விஷயமா."

செம்பெக் இன்னும் ஒரு சுற்று பெருத்தார். பக்கத்தில் இருந்த மெலிந்த மனிதரின் தோளைத் தட்டினார். அவர்தான் சம்பந்தி, பெண்ணின் அப்பா ஓதெகென். தலைமுறை தலைமுறையாகக் குதிரை வளர்க்கிற குடும்பம். "கேட்டீங்களா சம்பந்தி? நான் சும்மா சொல்லல. ஒரு நாட்டுக்கே குதிரை குடுத்தவன் நான்! நாடாளுறவனுக்கு நான் குதிரை குடுத்தா, உங்க பொண்ணுக்கு என்ன குடுக்கமாட்டேன்?"

ஓதெகென் தலையை மட்டும் அசைத்தார். மேசையின் நடுவில் ஒரு கிண்ணம் இருந்தது. ஆட்டு வால்கொழுப்பும் ஈரலும், தயிர் ஊற்றியது. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒருவருக்கொருவர் ஊட்டிவிட வேண்டும். ஊட்டியாகிவிட்டால் சம்பந்தம் உறுதி, அப்புறம் பின்வாங்க முடியாது. கிண்ணம் இன்னும் நிறைந்தே இருந்தது.

"அதைப் பத்தித்தான் நகரமே பேசுது" என்றாள் ரைஹான்.

"பேசாதா பின்ன! என்னன்னு பேசுது?"

"சிரிக்குது."

செம்பெக்கின் கை ஓதெகெனின் தோளிலேயே நின்றுவிட்டது.

"குதிரை மொட்டைத் தலையோட வந்துச்சாம். கார் இழுக்கற கயித்தைக் கழுத்துல கட்டி. விருந்தாளிக்குக் குடுக்கற குதிரைக்கு ஒரு தலைக்கயிறு போட வக்கில்லையான்னு லாயத்துல கேக்கறாங்க. அந்த அவமானத்தை உங்க காதுல போட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

ஓதெகென் கத்தியைக் கீழே வைத்தார். "தலைக்கயிறு இல்லாமலா? அன்பளிப்புக் குதிரைக்கா?"

"பொய்!" செம்பெக் எழுந்தார். "போட்டோ இருக்கு! வெள்ளிச் சேணம், கடிவாளம்..."

"அது வாடகைச் சேணம்ங்க. அதுமேல ஒரு பல் டாக்டர் உக்காந்து அழுதிருக்காரு" என்றான் லிகாய், பவுர்சாக் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டே.

"தலைக்கயித்தோடதான் குடுத்தேன்!"

"அப்ப வாசல்ல செருப்புக்கு மேல தொங்கறது? நீலப் பாசியெல்லாம் போட்டது? என் நெத்தியப் பாருங்க, பாசி பட்ட இடம் சிவந்திருக்கு."

மேசையைச் சுற்றி இருந்த எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். வீடியோக்காரனும் திரும்பினான். கூலி வாங்கியவன் எதையும் விடக்கூடாது என்று நினைத்தானோ என்னவோ, தொங்கிய கயிற்றை நன்றாக ஒருமுறை படம் எடுத்துக்கொண்டான்.

ஓதெகென் நிதானமாகப் பேசினார். கோபம் இல்லாததுதான் பயமாக இருந்தது. "சம்பந்தி, குதிரையை வித்தா தலைக்கயித்தை நாம உருவி வச்சுக்குவோம். வீட்டு அதிர்ஷ்டம் குதிரையோட போயிடக்கூடாது. எங்கப்பாவும் செஞ்சாரு, நானும் செய்யறேன். ஆனா விருந்தாளிக்கு அன்பளிப்பா குடுக்கறப்ப கயித்தோட குடுக்கணும். அப்ப உருவி வச்சுக்கறவன் குதிரையையும் மனசோட குடுக்கல. கைய நீட்டிக் குடுத்துட்டு, மறு கையால திருடிக்கறான். இதைவிட அல்பத்தனம் எங்க பக்கத்துல கிடையாது."

பெண்ணின் அம்மா கிண்ணத்தை மெல்லத் தன் பக்கமிருந்து தள்ளி வைத்தாள். எல்லோரும் பார்த்தார்கள். செம்பெக்கும் பார்த்தார். அவருடைய கழுத்து சிவந்தது, பிறகு காது, பிறகு தொப்பிக்குக் கீழே தெரிந்த எல்லாம்.

"யாரு அல்பம்? நானா?" மேசையைக் குத்தினார். குதிரைப்பால் குமிஸ் இருந்த கோப்பைகள் ஆடின. "செம்பெக் மொட்டைக் குதிரையைக் குடுக்கறவனா? அன்பளிப்பா குடுத்திருந்தா தலைக்கயிறு என்ன, தங்கத்துலயே போட்டுக் குடுத்திருப்பேன்! நான் குடுக்கல! வித்தேன்! அந்தத் தூதரு ரெண்டு தடவை வீட்டுக்கு வந்து பேரம் பேசினாரு. நான் இறங்கல, அவருதான் ஏறினாரு. கையடிச்சு வித்தேன். வித்த குதிரைக் கயிறு என்னுது, எடுத்து மாட்டினேன். என்ன தப்பு? அன்பளிப்புன்னு சொன்னா பின்னால வம்பு வராதுன்னு சொன்னது அவங்க வக்கீலு! அந்த வெள்ளைத் தலையன்!"

மேசை முழுக்க ஒரு பெருமூச்சு. "வித்ததா? அப்ப சரி" என்றார் ஓதெகென். பெண்ணின் அம்மாகூடக் கிண்ணத்தைப் பார்த்தாள். செம்பெக் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது.

"நல்லது" என்றாள் ரைஹான். "யாரோட குதிரையை வித்தீங்க?"

"என்..." செம்பெக்கின் வாய் திறந்தபடி நின்றது. "எங்க தம்பி வீட்டுது. தம்பி வீட்டுதுன்னா எங்களுதுதான்."

"மந்தையை மேய்க்கறது யாரு?" ஓதெகென் கேட்டார்.

"தம்பி பொண்டாட்டி."

"அவகிட்ட கேட்டீங்களா?"

அடுப்படியில் யாரோ கரண்டியைத் தவறவிட்டார்கள். பெண்ணின் அம்மா எழுந்து தன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "எம் பொண்ணுக்குச் சீரா நாலு பெட்டை அனுப்பறதா இருந்தோம்" என்று கணவனிடம் சொன்னாள். "அதுங்க எந்த நாட்டுக்குப் போகுமோ."

ஓதெகெனும் எழுந்தார். வீடியோக்காரனைப் பார்த்து, "தம்பி, இந்தப் படத்துல எங்க வீட்டுக்கும் ஒரு பிரதி உண்டுன்னு பேசியிருந்தோம். அதை இப்பவே இந்த அக்காவுக்கு அனுப்பிடு" என்றார்.

*

மறுநாள் காலை நீதிபதி கனியேவா, ஒரு விருந்து வீடியோவைத் தன் வாழ்நாளில் முதல் தடவையாக முழுக் கவனத்தோடு பார்த்தார். 'கையடிச்சு வித்தேன்' வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

அர்காதி லுவோவிச் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் துணைத்தூதர் தெல்மார். நல்ல கோட்டு, நல்ல பற்கள். பயணத்துக்குத் தயாராக வந்திருந்தார்.

"பேரம் பேசி வாங்கியிருக்காங்க" என்றார் நீதிபதி. "லொம்பேரா குடியரசு ஒரு வியாபாரத்துல ஈடுபட்டிருக்குன்னு நான் பதிவு பண்ணலாமா?"

லிகாய் ரைஹானின் காதில், "முடிஞ்சுது அக்கா. மாட்டிக்கிச்சு" என்றான்.

"இன்னும் இல்ல. பேசாம இரு."

அர்காதி லுவோவிச் எழுந்தார். நேற்றைய இதமான குரல் இல்லை. அவசரம் தெரிந்தது. லொம்பேராவுக்கு ரோடு போட்டவன், கப்பல் கொடுத்தவன், மின்சாரம் கொடுத்தவன் எல்லோரும் பல ஊர் நீதிமன்றங்களில் வரிசையாகக் காத்திருந்தார்கள். 'லொம்பேரா ஒரு வியாபாரி' என்று ஏதோ ஒரு நீதிபதி ஒரு வரி எழுதினால் போதும், அத்தனை பேரும் அதை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். இந்த ஊரில் எழுதின வரி மற்ற ஊரில் செல்லுமா என்பது வேறு கதை. வக்கீல்கள் அதற்கும் சேர்த்துப் பயப்படுவதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார்கள்.

"பதிவு பண்ண வேண்டாம்" என்றார். "லொம்பேரா குடியரசு எந்தக் குதிரையையும் வாங்கல. வாங்கறதுக்கு யாருக்கும் அதிகாரம் குடுக்கல. அன்பளிப்புன்னு எங்களுக்குச் சொல்லப்பட்டதை நம்பினோம். திரு தெல்மார் பேரம் பேசியிருந்தா, அது அவரோட சொந்த விஷயம். அவரோட சொந்த ஆசை. குடியரசுக்கும் அந்தக் குதிரைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. இதை எழுத்து மூலமாவே தரத் தயாரா இருக்கோம்."

தெல்மாரின் பற்கள் மெதுவாக மறைந்தன. "அர்காதி..." என்றார். அர்காதி அவர் பக்கம் திரும்பவில்லை. தன் நாற்காலியை மட்டும் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"அப்படின்னா" என்றார் நீதிபதி, பேனாவைத் திறந்தபடி, "இந்த அறையில இப்ப எந்த வெளிநாட்டு அரசாங்கமும் இல்ல. ஒரு பெண் இருக்காங்க, அவங்க குதிரை இருக்கு, அதை வாங்கின ஒரு தனி ஆள் இருக்காரு. துணைத்தூதருக்கு அலுவல் வேலைக்குத்தான் பாதுகாப்பு. சொந்த ஆசைக்குக் கிடையாது. சரியா, வக்கீல் சார்?"

அர்காதி லுவோவிச் தலையாட்டினார். வேறு வழியில்லை.

வழக்கு முடியும்வரை குதிரை நாட்டை விட்டுப் போகக்கூடாது, அதுவரை ஊல்போசினின் மந்தையிலேயே இருக்கட்டும் என்று உத்தரவு வந்தது. ஊல்போசின் நன்றி சொல்லவில்லை, அழவில்லை. "லாரி கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

தாழ்வாரத்தில் லிகாய் தலையைச் சொறிந்தான். "வியாபாரின்னு ஒத்துக்கிட்டு வாதாடியிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் இழுத்திருக்கலாமே. இந்த ஆளு சொந்தத் தூதரையே இப்படித் தூக்கிக் குடுத்துட்டாரே, அக்கா."

"குடுப்பாங்கன்னு தெரியும். அரசாங்கத்துக்குக் குதிரை பெருசில்ல, ஆளும் பெருசில்ல. யாரும் கேள்வி கேக்கக்கூடாது, அதுதான் பெருசு. அதைக் காப்பாத்த எதை வேணாலும் வெளிய எறிவாங்க. ரெண்டு கதவு வச்சேன், வியாபாரின்னு ஒத்துக்கறது ஒண்ணு, சம்பந்தமில்லைங்கறது ஒண்ணு. எந்தக் கதவுல வந்தாலும் குதிரை நம்ம பக்கம்தான் வந்து நிக்கும்."

*

லாயத்தில் குரெங்கை ஏற்றுவதற்குள் மத்தியானமாகிவிட்டது. ஊல்போசின் அதனிடம் எதுவும் கொஞ்சிப் பேசவில்லை. குளம்பைத் தூக்கிப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், "கொழுத்துட்டான். ஓடவிட்டா சரியாகிடும்" என்றாள். லாரியின் பின்பக்கம் ஏறிக் குதிரையோடேயே நின்றுகொண்டாள். லாரி கிளம்பும் நேரத்தில் தெல்மார் ஓடி வந்தார்.

"நிறுத்துங்க! இது ஒரு சுதந்திர நாட்டுக்கு அவமானம்! நான் எங்க அரசாங்கத்துக்குத் தெரிவிப்பேன்!"

"தெரிவிங்க" என்றாள் ரைஹான். "ஆனா குதிரைக்கும் அவங்களுக்கும் சம்பந்தமில்லைன்னு காலைலதான் எழுதிக் குடுத்திருக்காங்க. மை காஞ்சிருக்காது."

லாரி கேட்டைத் தாண்டி ஷெலெக் சாலையில் திரும்பியது. தெல்மார் போனை எடுத்துத் தலைநகரிலிருந்த தூதரகத்தைக் கூப்பிட்டார். மணி அடித்தது. மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை மணியே அடிக்கவில்லை. தன் காரைத் தேடி மைதானத்து வாசல் வரைக்கும் போனார். கொடி வைத்த கறுப்புக் கார் அங்கே இல்லை. அவர் இறங்கியதுமே அர்காதி லுவோவிச் அதில் ஏறிப் போய்விட்டிருந்தார்.

நல்ல கோட்டோடும், சாணி ஒட்டிய நல்ல சப்பாத்தோடும் அவர் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றார். பிறகு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, லிகாயின் பழைய காருக்குப் பக்கத்தில் வந்தார்.

"நீங்க... நகரத்துக்குத்தானே போறீங்க?"

லிகாய் ரைஹானைப் பார்த்தான். ரைஹான் ஜன்னல் வழியே வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் பின்சீட்டில் கிடந்த விதைப் பொட்டலத்தை நகர்த்திக் கதவைத் திறந்துவிட்டான்.

"ஏறுங்க சார். ஆனா ஒண்ணு, இந்த வண்டிக்குள்ள உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பெல்ட் போட்டுக்கணும்."

அவர் போட்டுக்கொண்டார்.